புதன்கிழமைப் பள்ளம்

வார்தினிக்கு எதிராகச் சாட்சி சொன்னது ஒரு பச்சைக் கோடு. அதற்கு வாய் கிடையாது, யாரோடும் பகை கிடையாது, லஞ்சம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக் கை கிடையாது. அதனால்தான் போலீஸ் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது என்று அ-ஷெங்குக்குத் தோன்றியது.

கோட்டின் அச்சுப்பிரதி குடியிருப்புக் காவலாளியின் கூண்டில், மேஜைமேல் கிடந்தது. அதன்மேல் பெய்லிங், தேநீரில் வேகவைத்த முட்டையின் ஓட்டை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது போலீஸ் ஆவணம்."

"நகல்தானே."

பெய்லிங்குக்கு ஐம்பதாகிறது. துப்பறியக் கிளம்புவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, வருகிற விண்ணப்பங்களில் எது பொய் என்று பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. மற்றவர்கள் கண்ணீரைப் பார்க்கிற இடத்தில் அவள் தேதியைப் பார்ப்பாள். அ-ஷெங் தைபே முழுக்க டாக்ஸி ஓட்டி, முதுகு வலி வந்து, அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். முதுகு ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை.

"நம்ம கட்சிக்காரர் ஒரு வேலைக்காரப் பொண்ணைப் பொய்க்காரின்னு நிரூபிக்க நம்மளை ஏவி விட்டிருக்கார். பெருமையா இருக்கு. அடுத்த மாசம் பூனைக்குட்டி ஏதாவது தப்பு பண்ணியிருந்தா அதையும் பிடிச்சுக் குடுப்போம்."

"வாயை மூடிட்டு அவ சொன்னதை இன்னொரு தடவை படி."

விவகாரம் இவ்வளவுதான். மலைச்சரிவில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் அறுபது வீடுகள். அடிவாரத்தில், சாலையை ஒட்டி, இந்தக் காவல் கூண்டு. மேலே வயதானவர்கள் வீடுகளில் சுவருக்குச் சுவர் சிவப்புப் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் கூண்டில் மணி அடிக்கும். காவலாளி லாய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மேலே ஓட வேண்டும். பட்டனுக்கும் மணிக்கும் நடுவில் இருப்பது வீடுகளுக்கு இன்டர்நெட்டும் டிவியும் கொண்டுபோகிற அதே கேபிள். கேபிள் உயிரோடு இருக்கிறதா, அதில் எவ்வளவு ஓடுகிறது என்பதை மேலே மூன்றாம் கட்டடத்தில் ஒரு கணினி இரவும் பகலும் பச்சைக் கோடாக வரைந்துகொண்டிருக்கும். அந்தக் கோட்டைக் குடியிருப்பின் இணையப் பக்கத்தில் ஜன்னல் வைத்த மாதிரி பதித்திருந்தார்கள். வீட்டுத் தரகர்களும் அதே ஜன்னலைத் தங்கள் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். லாயின் மேஜைத் திரையில் எப்போதும் திறந்திருப்பதும் அந்தப் பக்கம்தான்.

போன புதன்கிழமை மாலை, மழையில், மேலே வெங் யாவ்தியான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், உதவி வருவதற்குள் இறந்துபோனார். அவரைக் கவனித்துக்கொள்ள ஜாவாவிலிருந்து வந்திருந்த வார்தினி பட்டனை அழுத்தியதாகச் சொன்னாள். மணி அடிக்கவே இல்லை என்றார் லாய். அந்த மாலை முழுவதும் கேபிள் நன்றாக வேலை செய்தது என்றது பச்சைக் கோடு. ஆகவே அவள் அழுத்தவில்லை, கிழவரைப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று புகார் கொடுத்தார் மகன் போஷுன். அதை நிரூபிக்கப் பெய்லிங்கை அமர்த்தியதும் அவர்தான். வியாழக்கிழமை அவளை விமானம் ஏற்றிவிடப் போகிறார்கள். கெட்ட பெயரோடு போகிறவளுக்குத் திரும்பி வர வழி கிடையாது. ஊரில் அவள் அனுப்புகிற பணத்தில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அ-ஷெங் வாக்குமூலத்தைப் படித்தான். "'டிவி நின்னு போச்சு. அப்புறம் தாத்தா விழுந்தார். நான் பட்டனை அழுத்தினேன், அழுத்திட்டே இருந்தேன். தாத்தா என் கையைப் பட்டன்லேர்ந்து தட்டி விட்டார். கதவைக் காட்டினார். போ, போன்னார். ரொம்பக் கோவமா இருந்தார். நான் பயந்து கீழ ஓடினேன்.' அக்கா, இதுதான் எனக்கு உதைக்குது. உசுருக்கு ஆள் கூப்பிடற கையை யாராவது தட்டி விடுவாங்களா?"

"போலீஸும் அதைத்தான் கேட்டாங்க. பொய் சொல்றவ இதைவிட நல்ல பொய்யா சொல்லியிருப்பா."

கூண்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு குடியிருப்புக் கமிட்டித் தலைவி துங் அம்மா உள்ளே வந்தாள். வீட்டுச் செருப்பு, கழுத்தில் முத்து மாலை. கமிட்டி என்றால் அவள்தான், மற்றவர்கள் கை தூக்குவதற்கு.

"இன்னும் முடியலையா? போஷுன் பாவம், அப்பாவை இழந்து நிக்கறான். அந்தப் பொண்ணு சீக்கிரம் போனா எல்லாருக்கும் நிம்மதி."

"ஒரே கேள்விதான்மா," என்றாள் பெய்லிங். "அன்னிக்கு சாயந்திரம் உங்க வீட்ல நெட் இருந்துதா?"

"கோட்டைப் பாருங்களேன். அதுல இருக்கே."

"கோட்டைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

துங் அம்மா முத்து மாலையைச் சரி செய்தாள். "ஞாபகம் இல்ல."

நேற்றிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் இதே பதில்தான். அ-ஷெங்குக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நிமிஷம் நெட் நின்றால் கீழே இறங்கி வந்து லாயைப் பிடித்து உலுக்குகிற ஜனங்கள் இவர்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே நாளில், ஒரே மாலையில் மறதி வந்திருக்கிறது.

"ஊரே சேர்ந்து மறந்திருக்கு அக்கா," என்றான். "தண்ணித் தொட்டில எதையாவது கலந்துட்டாங்களா?"

"மழை பெஞ்சா அந்தக் கேபிள் எப்பவுமே..." என்று ஆரம்பித்த லாய், துங் அம்மாவின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார். விழுங்கிவிட்டுத் தேநீரும் குடித்தார்.

பெய்லிங் அதைக் கவனித்தாள். அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் வளைவில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. தைபேயில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வரும், அது நிற்கிற சில நிமிஷத்துக்குள் அவரவர் குப்பையை அவரவரே கொண்டுவந்து போட வேண்டும்.

துங் அம்மா பேச்சை நடுவில் விட்டுவிட்டுப் பறந்தாள். கட்டடங்களின் படிக்கட்டுகளில் தடதடவென்று செருப்புச் சத்தம். கையில் குப்பைப் பையும் மறுகையில் எச்சில் வாளியுமாக மொத்த மலையும் கீழே இறங்கி வந்தது. ஒருவர் தலையில் ஷாம்பு நுரை அப்படியே இருந்தது. லாயும் கூண்டின் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

அ-ஷெங் திரையைப் பார்த்துச் சிரித்தான். பச்சைக் கோடு சட்டென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க அக்கா. அறுபது வீட்டு சீரியல், கேம், அரட்டை எல்லாத்தையும் ஒரு குப்பை வண்டி நிறுத்திடுச்சு. நம்ம மேயரால முடியுமா?"

வண்டி போனது. ஜனங்கள் மேலே ஏறினார்கள். கோடும் அவர்களோடு மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல ஏறியது. நடுவில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும் மிச்சம் இருந்தது.

பெய்லிங் முட்டையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். அச்சுப்பிரதியின்மேல் கிடந்த ஓட்டைத் தட்டிவிட்டு, தாளைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். போன புதன்கிழமைக் கோட்டிலும் அதே நேரத்தில் அதே மாதிரி ஒரு பள்ளம்.

"இது என்ன கிழமைடா?"

"புதன். போட்டிருக்கே."

"புதன்கிழமை எல்லாரும் எதுக்குக் கீழ இறங்கினாங்க?"

அ-ஷெங் பதில் சொல்ல வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்துக்கொண்டான். டாக்ஸி ஓட்டிய காலத்தில் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் வண்டி மறிக்கும் என்று அவனுக்கு மனப்பாடம். மறிக்காத நாள்களும்தான்.

"புதனும் ஞாயிறும் வண்டி கிடையாதே அக்கா. அன்னிக்கெல்லாம் குப்பை வீட்டுக்குள்ளதான் தூங்கும்."

"அப்ப இது புதன்கிழமைக் கோடு இல்ல. செவ்வாய்க்கிழமைக் கோட்டுக்குப் புதன்கிழமைச் சட்டையை மாட்டி விட்டிருக்காங்க." பெய்லிங் முட்டையைத் தின்று முடித்தாள். "நாளைக்கும் புதன். மழை வேற வரும்னு சொல்றாங்க. போஷுனை இதே நேரத்துக்கு இங்க வரச் சொல்லு. துங் அம்மாவையும். வேலைக்கு ஆள் அனுப்பற ஏஜென்சியோட விடுதிக்குப் போய் அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா."

"பெட்டியோடவா, பெட்டி இல்லாமலா?"

அவள் அச்சுப்பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்கே தெரியவில்லை என்று அ-ஷெங் புரிந்துகொண்டான்.

மறுநாள் மழை சொன்ன சொல் தவறவில்லை. கூண்டுக்குள் ஆறு பேர் நின்றால் மூச்சு முட்டும், ஆறு பேரும் இருந்தார்கள். வார்தினி கதவோரமாகப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. போஷுன் நல்ல கோட்டும் நனைந்த விலையுயர்ந்த ஷூவுமாக நின்றார். அவளைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரையில் பச்சைக் கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

பெய்லிங் புதன்கிழமைச் சட்டையைப் பற்றி நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

போஷுன் சிரித்தார். "குப்பை வண்டியா? உங்களைக் கூப்பிட்டது இதுக்கா? ஒரு கோடு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். நாளைக்கு ஃபிளைட். இவ பட்டனை அழுத்தல, அவ்வளவுதான் விஷயம்."

"அழுத்தினேன் சார்," என்றாள் வார்தினி. "விரல் வலிக்கிற வரைக்கும்."

"வலிச்சா போன் பண்ணியிருக்கலாமே."

"நீங்கதான் சொன்னீங்க. உனக்கு விலாசம் சொல்ல வராது, போன் எல்லாம் பண்ணாத, பட்டனை மட்டும் அழுத்துன்னு சொன்னீங்க. சுவத்துல எழுதி ஒட்டினீங்க."

போஷுன் ஷூவைப் பார்த்தார்.

பெய்லிங் துங் அம்மாவிடம் திரும்பினாள். "கோட்டை மாத்தினது யாரும்மா? நீங்களா?"

"எனக்கு டிவி ரிமோட்டே தெரியாது."

"தெரிஞ்சவர் யார்?"

துங் அம்மா லாயைப் பார்த்தாள். லாய் மழையைப் பார்த்தார். கடைசியில் அவள் வாய்விட்டே சொல்ல வேண்டி வந்தது.

"வெங் ஐயாதான்."

போஷுன் நிமிர்ந்தார். "எங்கப்பாவா?"

"அந்தக் கணினியே அவர் வச்சதுதானே. டெலிபோன் இலாகாவுல இருந்த மனுஷன், எங்களுக்கு எல்லாம் சும்மாவே பண்ணிக் குடுத்தார். மழை பெஞ்சா கேபிள்ல தண்ணி இறங்கி எல்லாம் நின்னுடும். கோட்டுல ஓட்டை ஓட்டையா விழும். ரோட்டைத் தோண்டினாதான் சரியாகும், தோண்டினா கார் எங்க நிறுத்தறதுன்னு கமிட்டில சண்டை. தரகருங்க வேற கத்தறாங்க, ஓட்டையைப் பார்த்து வாங்கறவன் ஓடிடறான்னு. அதான் அவர் ஒரு வழி பண்ணினார். மேலேர்ந்து கோடு வரலேன்னா பக்கம் அதுவே நேத்துக் கோட்டை எடுத்து இன்னிக்குத் தேதி போட்டுக் காட்டிக்கும். கூட்டத்துல எல்லாரும் கை தட்டினோம்."

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றார் லாய். "நான் ராப்பகலா அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கோடு நல்லா இருக்குன்னு நிம்மதியா டீ குடிச்சுட்டு இருந்தேன்."

அ-ஷெங்குக்கு வாய்க்கு வந்த கிண்டல் தொண்டையிலேயே நின்றது. தாம் கட்டிய பொய்க்குள் தாமே படுத்துச் செத்திருக்கிறார் கிழவர். இதில் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

"எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல," என்றார் போஷுன். "ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. அவர் எதுக்குப் பண்ணணும்?"

"நீ கேட்டே, அதுக்குத்தான்," என்றாள் துங் அம்மா. இரண்டு நாளாகப் போஷுன் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது அவரைத் துளியும் பாவம் பார்க்கவில்லை. "வீட்டை வித்துட்டு அவரை விடுதில சேக்கணும், உன் தரகர் ஓட்டையைப் பத்தி புலம்பறார், ஏதாவது பண்ணுங்கப்பான்னு போன்ல சொன்னது நீதானே? மனுஷன் இதே கூண்டுல உக்காந்து அழுதார். அழுதுட்டு மேல போய்ப் பண்ணினார். பிள்ளை கேட்டுட்டானேன்னு பண்ணினார்."

போஷுன், தோற்றுப்போனவன் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, "அன்னிக்குக் கேபிள் செத்துதுன்னு எவன் சாட்சி சொல்லுவான்?" என்றார். "எல்லாருக்கும் மறந்து போச்சே. பள்ளத்தைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

வெளியே மழை வலுத்தது.

அ-ஷெங்தான் முதலில் பார்த்தான். திரையில் பச்சைக் கோடு சட்டென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"லாய் அண்ணே," என்றான் மெதுவாக. "வெளிய வண்டி வந்திருக்கா?"

"இன்னிக்குப் புதன்பா. எங்கேர்ந்து வரும்?"

சாலை காலியாக இருந்தது. பாட்டும் இல்லை, பையும் இல்லை, நுரைத் தலையும் இல்லை. கோடு மட்டும் நேற்றைய வண்டிக்காக இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் இந்த நிமிஷம் மேலே எதுவும் ஓடவில்லை. கேபிள் இப்போதே செத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு பட்டனும் வெறும் சிவப்புப் பிளாஸ்டிக்.

"மேல பட்டன் வச்சிருக்கிற வீட்ல யாராவது தனியா இருக்காங்களா?" என்று பெய்லிங் கேட்டாள்.

துங் அம்மாவின் முகம் வெளுத்தது. "எங்கம்மா இருக்காங்க."

"செல்போன்ல கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. பட்டனை அழுத்தச் சொல்லுங்க."

நான்காம் கட்டட உச்சியிலிருந்து ஒரு வயதான குரல் கூண்டுக்குள் இறங்கி வந்தது. "அழுத்திட்டேன்டி. எதுக்கு?"

ஆறு பேரும் சுவரில் இருந்த மணியைப் பார்த்தார்கள். மணி ஆடவில்லை, அசையவில்லை.

"நல்லா அழுத்துங்கம்மா."

"அழுத்திட்டேதான் இருக்கேன். இது எங்க வேலை செய்யப் போகுது? நெட்டே நின்னு போச்சு. வெங் போன அன்னிக்கும் இப்படித்தானே நின்னுது, ராத்திரி படுக்கற வரைக்கும் வரல. அன்னிக்கு நீகூட வீட்ல உக்காந்து அந்த லாயைத் திட்டினியே, மறந்துட்டியா?"

துங் அம்மா போனை அணைக்கவில்லை. குடையை எடுக்காமல் மழையில் இறங்கி, முத்து மாலை குலுங்க, மேட்டில் ஓடினாள். லாய் மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்டுவதற்காக அவள் பின்னால் ஓடினார்.

ஊரிலேயே மறதி இல்லாத ஒரே ஆள் யாரும் கேள்வி கேட்கப் போகாத ஆளாக இருந்திருக்கிறார். இரண்டு நாள் படி ஏறிய தன் முழங்காலை அ-ஷெங் மனத்துக்குள் திட்டிக்கொண்டான்.

போஷுன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்ன எழுதணும்?" என்றார்.

"புகாரை வாபஸ் வாங்கறேன்னு எழுதுங்க. இவ பட்டனை அழுத்தினா, கேபிள் வேலை செய்யலன்னு எழுதுங்க. இப்பவே தொழிலாளர் ஆபீசுக்குக் குடுத்துடலாம்."

"கேபிள் கோளாறுன்னு மட்டும் எழுதறேன். அப்பா பேரு வேண்டாம்." கொஞ்சம் தயங்கினார். "என் பேரும்."

பெய்லிங் அவரை வெறித்துப் பார்த்தாள். "எழுதுங்க," என்றாள். அந்த ஒரு சொல்லில் இருந்த வெறுப்பை அ-ஷெங் அவளிடம் அதுவரை கேட்டதில்லை. ஆனால் நாளைக்கு விமானம். பேரம் பேச நேரம் இல்லை.

போஷுன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வார்தினி அந்தத் தாளைப் பார்க்கவில்லை. அவள் கண் சுவரில் இருந்த மணியிலேயே இருந்தது.

"அக்கா," என்று பெய்லிங்கைக் கூப்பிட்டாள். "இந்த மணி அடிக்காதுன்னு தாத்தாவுக்குத் தெரியுமா?"

"டிவி நின்னப்பவே தெரிஞ்சிருக்கும்மா. கேபிள் போச்சுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும். லாய் திரையில மட்டும் எல்லாம் நல்லா இருக்கற மாதிரி தெரியும்னு இந்த மலையில அவரைவிட நல்லாத் தெரிஞ்ச ஆள் கிடையாது."

வார்தினி பெட்டியிலிருந்து எழுந்தாள். தன் வலது கையை இடது கையால் தட்டி விட்டாள், அன்றைக்குக் கிழவர் தட்டியது போல. பிறகு கதவைக் காட்டினாள்.

"அப்ப தாத்தா என்னை விரட்டல," என்றாள். "அதை அழுத்தாத, ஓடுன்னு சொன்னார். நான் கோவம்னு நினைச்சு அங்கேயே நின்னேன். மன்னிப்புக் கேட்டுட்டு நின்னேன். அப்புறம்தான் ஓடினேன்."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். போஷுன் பேனாவை இன்னும் கையில் பிடித்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் அப்பா சாகிற நேரத்தில் என்ன நினைத்தார் என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி அது தெரியாமல் போகாது.

அ-ஷெங் அவர்களைப் பார்க்க முடியாமல் திரைப் பக்கம் திரும்பினான். அந்த ஜன்னலை நிறுத்தும் வழி தெரிந்த ஒரே மனிதரும் போய்விட்டார். பச்சைக் கோடு பள்ளத்திலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நேற்றைய குப்பையைப் போட்டுவிட்டு, நேற்றைய ஜனங்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.